புனிதா மெலிந்த விதம்

சுங்கை கெலாடி தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் புனிதாவின் வேலை லாரிகளை நிறுப்பது. பழக்குலை ஏற்றிய லாரி, ஆலை வாசலில் தரையோடு தரையாகப் பதித்திருக்கும் இரும்புப் பாலத்தின்மேல் வந்து நிற்கும். சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் புனிதா திரையில் எடையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பாள். குலையைக் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மறுபடியும் நிறுப்பாள். ஒரு நாளைக்கு அறுபது எழுபது லாரி வரும். அதில் ஒன்றை ஓட்டுவது அவளுடைய அப்பா சன்னாசி.

கோவிட் கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த வருடம் அது. புனிதாவுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது, லாரி எதுவும் வரவில்லை. ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் சோதிக்கும் அல்ஃபியா குடையோடு வந்து சன்னலைத் தட்டினாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அல்ஃபியாவின் அத்தா பக்கத்து ஊரான மம்பாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்.

“வீட்டுத் தராசு இப்ப என்னடி காட்டுது?”

“எர்ரர்னு காட்டுது. அதுக்கு மேல அதுக்கு ஏறாது.”

“அப்ப இதுல ஏறு. லாரியவே தாங்குது, உன்னைத் தாங்காதா?”

புனிதா குடையைப் பிடித்துக்கொண்டு நனைந்த பாலத்தின் நடுவில் போய் நின்றாள். அல்ஃபியா உள்ளே போய்த் திரையைப் பார்த்துக் கத்தினாள்: “நூத்தி முப்பது!”

“அது பத்துப் பத்தாத்தான் காட்டும். நூத்தி இருபத்தாறாக்கூட இருக்கலாம் லா.”

“நூத்தி முப்பத்து நாலாவும் இருக்கலாம்.”

இரண்டு பேரும் மழையைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

புனிதாவின் பருமனுக்கு யாரைக் குறை சொல்வது என்று தோட்டத்தில் இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சி அப்பாவைச் சொன்னது. சன்னாசி சாப்பாட்டு ரசிகர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு மம்பாவுக்குப் போவார். ஆளுக்கு நாலு ரொட்டி சானாய் பரோட்டா, மீன் குழம்பு, ஆளுக்கு இரண்டு தே தாரிக் டீ. பிறகு ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அதையும் ஒரு கை பார்ப்பார்கள். இன்னொரு கட்சி, உடம்புவாகு அப்படி என்றது. புனிதாவின் அம்மா பஞ்சாலை, குச்சிபோல இருப்பவள். தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவளுக்குச் சதை எங்கே ஒட்டும்? அவள் எந்தக் கட்சியிலும் இல்லை. “எம்புள்ள நல்லாத்தானே இருக்கு” என்பதே அவளுடைய ஒரே பேச்சு.

புனிதாவுக்கு ஓர் ஆசை இருந்தது. அதை அவள் அதிகம் பேருக்குச் சொன்னதில்லை. அணிவகுப்பில் நடக்க வேண்டும்.

இடைநிலைப்பள்ளியில் ராணுவ மாணவர் படை இருந்தது. பதினாலு வயதில் சேரப் போனாள். சீருடைகளிலேயே பெரிய காற்சட்டை அவள் தொடையிலேயே நின்றுவிட்டது. நல்ல ஆசிரியர், பிள்ளை மனம் நோகக்கூடாது என்று சீருடை அறையின் சாவியை அவளிடம் கொடுத்து, “நீதான் ஸ்டோர் பொறுப்பு” என்றார். மூன்று வருடம் அந்தச் சாவியை வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றாள். எல்லாக் கட்டளைகளும் மனப்பாடம். ஒருமுறை, படைத் தலைவனுக்குக் காய்ச்சல் வந்து ஒத்திகை நின்றுபோக இருந்தது. புனிதா மரத்தடியிலிருந்தே, “செடியா!” என்று ஒரு குரல் கொடுத்தாள்; ‘விறைப்பாக நில்’ என்பதற்கான மலாய்க் கட்டளை. முப்பது ஜோடிக் கால்கள் ஒரே சத்தமாகச் சேர்ந்து நின்றன. அன்று ஒரு மணி நேரம் அவள்தான் அவர்களை நடத்தினாள். போட்டி நாளன்று அவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

“இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாம் அந்தக் காய்ச்சல்” என்று இன்றைக்கும் சொல்வாள்.

ஆலைக்கு முன்னால் போகிற சாலை போர்டிக்சன் போகிற சாலை. அங்கே முகாம்கள் இருப்பதால் ராணுவ லாரிகள் அடிக்கடி கடக்கும். லாரிக்குப் பின்னால் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் பெண் சிப்பாய்களை அவள் சன்னலிலிருந்து பார்ப்பாள். சனி, ஞாயிறுகளில் மட்டும் பயிற்சி தரும் பகுதிநேரப் படை ஒன்று இருப்பதை அறிந்து, போர்டிக்சனில் ஒரு கண்காட்சியில் அவர்கள் போட்டிருந்த கூடாரத்துக்குப் போனாள். அங்கிருந்த மலாய்க்கார கோப்பரல் மரியாதையான மனிதர். எடை அட்டவணையைக் கையில் எடுத்தார், அவளைப் பார்த்தார், அட்டவணையை மெதுவாகக் கீழே வைத்தார். “முதல்ல ஒரு அம்பது கிலோ குறைச்சிட்டு வாங்க அடேக். நாங்க எங்கயும் போகமாட்டோம்” என்றார், தங்கையை அழைப்பதுபோல.

அன்றிலிருந்து முயற்சி. சோற்றை விட்டாள், ஒன்பது கிலோ குறைந்தது. தீபாவளி வந்தது, பன்னிரண்டு ஏறியது. பிறகு முட்டி வலி வந்தது. ரத்தத்தில் சர்க்கரை வந்தது. கிளினிக் டாக்டர் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழ அளவுக்கு ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கும் அறுவைச் சிகிச்சை பற்றிச் சொன்னார்கள். சர்க்கரைக்கும் முட்டிக்கும் அதுதான் வழி என்றார்கள்.

பஞ்சாலை கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “நல்லா இருக்கற வயித்த எதுக்கு அறுக்கணும்? பசிக்குதுன்னு சொன்னா கம்மியா சாப்புடு. இதுக்கு ஆஸ்பத்திரியா?”

“ம்மா, கம்மியா சாப்பிட்டுத்தான் பன்னெண்டு கிலோ ஏறிச்சு.”

“அது தீவாளி.”

மகள் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் திரும்பி இறங்குவதைச் சன்னாசி பார்த்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். அறுவைக்கு முன் இரண்டு வாரம் வெறும் பால்மாவு. புனிதா பால் குடிக்கும்போது தானும் கடைக்குப் போகாமல் பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனபோது அவர் அழுத அழுகையில், தாதி வந்து அவருக்குத்தான் ரத்த அழுத்தம் பார்த்தாள்.

அறுவை நன்றாக முடிந்தது. வயிற்றில் ஐந்து சிறிய துளைகள், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் கஷ்டம். தண்ணீரை மூடி மூடியாகக் குடிக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து கஞ்சித் தண்ணீர். பிறகு மசித்த பூசணி. சாப்பிடும்போது குடிக்கக்கூடாது, குடித்தால் அரை மணி நேரம் சாப்பிடக்கூடாது. அரை இட்லியை இருபது நிமிடம் மென்றாள். நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பாரோயில் ஒரு கல்யாணத்தில் ஆசைப்பட்டு மூன்று வாய் பிரியாணி வேகமாகச் சாப்பிட்டுவிட்டு, மணமக்களுக்கு முன்னால் மண்டபத்தைவிட்டு ஓட வேண்டியிருந்தது. முதல் மாதம் முழுக்க, ஏன் செய்துகொண்டோம் என்று அழுதாள். இரண்டாவது மாதம் அழுகைக்கு நேரம் கிடைக்கவில்லை. எடை குறைய ஆரம்பித்திருந்தது.

சன்னாசிக்குத்தான் பெரிய இழப்பு. கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லை. மம்பாவ் கடையில் தனியாக நாலு ரொட்டி சொல்லிவிட்டு, இரண்டோடு எழுந்து வந்துவிடுவார். அந்த வருடம் அவரும் ஆறு கிலோ குறைந்தார், யாரும் கேட்காமலே.

பதினைந்து மாதத்தில் புனிதா அறுபத்தொன்பது கிலோ. முட்டி வலி போனது, சர்க்கரை மாத்திரை நின்றது. ஆறாவது மாதத்திலேயே ஓட ஆரம்பித்திருந்தாள். செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் சாலையில், வேலைக்குப் போகுமுன் ஓடுவாள். அல்ஃபியா மோட்டாரில் பின்னால் வந்து நேரம் பார்ப்பாள். படையில் கேட்கும் தூரம் இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதல் தடவை இருபத்துநாலு நிமிடம், பாதி நடை. தோட்டத்து நாய்கள்கூடச் சலித்துப்போய்த் துரத்துவதை விட்டன. குலை அறுக்கிறவர்கள் நீளக் கம்பை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். நேரம் பதினெட்டானது, பதினைந்தானது, பதிமூன்றானது.

பகுதிநேரப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, கணினியில் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு தோழிகளும் உட்கார்ந்தார்கள். பெயர், ஊர், உயரம், எடை எல்லாம் வேகமாகப் போனது. ‘அறுவைச் சிகிச்சை ஏதும் செய்துகொண்டதுண்டா’ என்ற இடத்தில் புனிதாவின் கை நின்றது.

“இல்லன்னு போடு” என்றாள் அல்ஃபியா.

“பொய்யில்ல?”

“அஞ்சு புள்ளிடி. கொசு கடிச்ச மாதிரி இருக்கு. யாரு சட்டையத் தூக்கிப் பாக்கப் போறா?”

புனிதா ‘இல்லை’ என்று போடவில்லை. ‘ஆம்’ என்றும் போடவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பிவிட்டாள்.

தேர்வு ஒரு சனிக்கிழமை, போர்டிக்சனில் ஒரு முகாமின் திடலில். முப்பத்தொரு பெண்கள் வந்திருந்தார்கள். ஓட்டத்தில் புனிதா நாலாவது. படுத்து எழும் பயிற்சியில் கேட்ட எண்ணிக்கையைத் தாண்டிவிட்டாள். பிறகு வரிசை பிரித்து நடக்க வைத்தார்கள். நடத்தியவர் பட்டாளத்து சார்ஜன் குணாளன், நாற்பதை நெருங்கும் தமிழர், மம்பாவ்காரர். சட்டைப் பொத்தான்கள் வயிற்றின்மேல் கொஞ்சம் முட்டிக்கொண்டு நின்றன. யாருக்காவது கட்டளை கொடுக்கத் தெரியுமா என்று கேட்டார். புனிதா முன்னால் வந்து நின்று, பத்து வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததை எல்லாம் வெளியே விட்டாள். பக்கத்துத் திடலில் நடந்துகொண்டிருந்த ஆண்கள் வரிசையும் சேர்ந்து திரும்பிவிட்டது.

சார்ஜன் குணாளன் எதையோ காகிதத்தில் குறித்துக்கொண்டார். நல்லதாகத்தான் இருக்கும் என்று அவர் முகம் சொன்னது.

பிறகு மத்தியானச் சாப்பாடு. சோறு, கோழி, கோஸ், பொட்டலம் பொட்டலமாக. பத்து நிமிடம்தான் நேரம். புனிதா ஆறு கரண்டி சாப்பிட்டாள். அதற்குமேல் இறங்கவில்லை. மற்ற முப்பது பேரும் பொட்டலத்தைச் சுருட்டிப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள். குணாளன் அவள் பக்கம் வந்தார்.

“என்னாம்மா, சோறு புடிக்கலயா?”

“புடிக்குது சார்.”

“அப்பறம் ஏன் கோழியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்க?”

“மெதுவாத்தான் சாப்பிட முடியும் சார்.”

“பட்டாளத்துல மெதுவான்னு ஒரு வார்த்தையே இல்லம்மா.”

வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து நன்றாகப் போய்க்கொண்டிருந்த நாள். ஆனால் தன் குரலைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரிடம் இன்னொரு காலி இடத்தை நீட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

“சார், எனக்கு வயித்துல முக்காவாசிய வெட்டி எடுத்துட்டாங்க. நான் முன்ன நூத்தி முப்பது கிலோ.”

குணாளன் அவளுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “ஃபார்ம்ல எழுதினியா?”

“காலியா விட்டுட்டேன்.”

“ரெண்டு மணிக்கு டாக்டர் கூப்பிடுவாங்க. அவங்க கேக்கறதுக்கு முந்தி நீயே சொல்லிரு. அவங்க கண்டுபுடிச்சா அது வேற. நீயா சொன்னா அது வேற.” எழுந்தவர், மறுபடியும் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ரொம்ப வலிச்சுதா?”

அப்போது அவள் அதை அனுதாபம் என்றுதான் நினைத்தாள்.

ராணுவ டாக்டர் மேஜர் பதவியில் இருந்த மலாய் அம்மையார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். புனிதா உள்ளே போனதும், உட்காருமுன்பே மலாயில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். ஐந்து தழும்புகளையும் பார்த்தார். என்னென்ன சத்து மாத்திரை, எவ்வளவு தண்ணீர், எத்தனை மாதத்துக்கொருமுறை வைட்டமின் ஊசி என்று விசாரித்தார்.

“உங்கள் ஓட்டத்தை நான் மேலே நின்று பார்த்தேன்” என்றார் பிறகு. “உங்கள் எடையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த அறுவைதான் தடை. காட்டுக்குப் போனால் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு, அடுத்த நிமிடம் இருபது கிலோ பையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். தண்ணீர் கிடைத்த நேரத்தில் வயிறு முட்டக் குடிக்க வேண்டும். உங்களால் முடியுமா?”

“எனக்குக் கொஞ்சம் சாப்பாடு போதும் டாக்டர். அரசாங்கத்துக்கு மிச்சம்தானே?”

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே தலையையும் ஆட்டினார். “மாத்திரை நனைந்து போகும். ஊசி தள்ளிப்போகும். நீங்கள் மயங்கி விழுந்தால் உங்களைத் தூக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேருக்கும் சேர்த்துத்தான் நான் முடிவு எடுக்கிறேன்.”

“குண்டா இருந்தப்ப, மெலிஞ்சிட்டு வான்னாங்க. இப்ப மெலிஞ்ச விதம் சரியில்லைன்னு சொல்றீங்க.”

“ஆமாம்” என்றார் டாக்டர். “கேட்க நன்றாக இல்லை. ஆனால் அதுதான்.”

காலியாக விட்டிருந்த இடத்தில் தன் கையாலேயே எழுதினார். அதற்குக் கீழே ‘தீடாக் லாயாக்’, தகுதியில்லை என்ற முத்திரை. “உடற்பயிற்சியில் தேறியவர் என்றும் எழுதியிருக்கிறேன். மேல்முறையீடு செய்யலாம், அது உங்கள் உரிமை. ஆனால் வீண் நம்பிக்கை தர மாட்டேன்” என்று சொல்லி எழுந்து கைகொடுத்தார்.

வெளியே சன்னாசி காரோடு காத்திருந்தார். போர்டிக்சனில் அழ ஆரம்பித்த புனிதா லுக்குட் வந்ததும் நிறுத்திவிட்டாள். அங்கே அப்பா அழ ஆரம்பித்திருந்தார், யாராவது ஒருவர் ரோட்டைப் பார்க்க வேண்டுமே.

அம்மா, ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்று தொடங்குவாள் என்று எதிர்பார்த்துத்தான் வீட்டுக்குள் நுழைந்தாள். பஞ்சாலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நேரே உள்ளே போய் நல்ல சேலையை எடுத்தாள்.

“எங்கம்மா கெளம்புற?”

“எந்த டாக்டரு அவ? எம்புள்ள தெனம் நாய் தொரத்த ஓடினது அவளுக்குத் தெரியுமா? நான் வந்து பேசறேன்.”

அந்தச் சேலையை மடித்து மறுபடியும் அலமாரியில் வைக்க அப்பாவும் மகளும் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சில் புனிதாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அல்ஃபியாதான், “நான் சொன்ன மாதிரி இல்லன்னு போட்டிருக்கலாம்” என்று ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அறுவை செய்த மருத்துவரிடம் கடிதம் வாங்கி, இரண்டு வருட ரத்தச் சோதனைகளை எல்லாம் இணைத்து மேல்முறையீடு அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, லாரி வரிசைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கார் பாலத்தின்மேல் ஏறி நின்றது. திரை ஆயிரத்து நூற்று எழுபது காட்டியது. பின்னால் லாரிகள் ஆரன் அடித்தன.

“சார், இது கார் நிறுக்கற எடமில்ல!” என்று சன்னலைத் திறந்தாள்.

இறங்கி வந்தவர் சார்ஜன் குணாளன், சாதாரண உடையில். “பாலம்னு தெரியாதும்மா. ஒரு விசயம் கேக்கணும், ரெண்டே நிமிசம்.”

இரண்டு நிமிடத்தில் முடியவில்லை. காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் வந்து கேட்டாள். குணாளனுக்கு நூற்றுப் பன்னிரண்டு கிலோ. இரண்டு முறை எச்சரித்துவிட்டார்கள். ஒன்பது மாதத்தில் உடற்தகுதிச் சோதனை. அதே அறுவைக்கு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருந்தார், பயத்தில் பெண்டாட்டியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

“செஞ்சிக்கிட்டா வாழ எலைச் சாப்பாடு சாப்பிட முடியுமா?”

“எலையப் பாக்கலாம்ணே.”

“வெளையாடாதம்மா.”

புனிதா விளையாடாமலே சொன்னாள். முடி கொட்டியதை, முதல் மாத அழுகையை, கல்யாண வீட்டில் ஓடியதை எல்லாம் சொன்னாள். முட்டி வலி போனதையும் சொன்னாள். “எனக்கு வேற வழி இல்ல, சக்கர வந்திருச்சு. உங்களுக்கு வேற வழி இருக்கான்னு பாத்தீங்களா? செஞ்சிட்டா அந்த டாக்டரு உங்கள என்னா செய்வாங்க?”

“உள்ள இருக்கறவனுக்கு வேற மாதிரி. தூக்கி வெளிய போட மாட்டாங்க. போர்டு கூடிப் பேசுவாங்க. அனேகமா பீல்டு வேல கெடையாதுன்னு சொல்லிட்டு ஸ்டோர்ல உக்கார வச்சிருவாங்க. சாவியக் கையில குடுத்து.”

அந்தச் சாவியை அவளுக்குத் தெரியும். கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள்: “சனிக்கிழம காலைல ஏழு மணிக்கு எங்க தோட்டத்து ரோட்டுக்கு வாங்க. ஒரு மாசம் பாப்போம். முடியலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

அவர் வந்தார். முதல் சனிக்கிழமை முந்நூறு மீட்டர் ஓடிவிட்டு ஒரு செம்பனை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். குலை அறுக்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கை. பட்டாளத்து சார்ஜனை வாட்டி எடுக்கும் தோட்டத்துப் பெண்ணை அவர்கள் இதற்கு முன் பார்த்ததில்லை.

“செடியா! மூச்ச மூக்கால விடுங்கண்ணே! எடது வலது, எடது வலது!”

“நான் பதினேழு வருசமா மத்தவன் உசிர எடுத்தேம்மா. எல்லாத்தையும் நீ ஒருத்தியே திருப்பிக் குடுக்கற.”

ஓட்டம் முடிந்து வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தவரிடம் பஞ்சாலை கேட்ட முதல் கேள்வி: “நீங்கதான் எம்புள்ளைய வேணாம்னவங்களா?”

“நான் இல்லம்மா. அது டாக்டரு.”

“எல்லாம் ஒரே சட்டதானே போட்டிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு, பழிவாங்கும் கணக்கில் சீனி போடாத தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். மனிதர் அதையும் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சீனி இல்லாத தேத்தண்ணிதான் என்று ஆனது. தட்டு சிறிதானது, கோழி வறுவல் குழம்பானது. குணாளன் பெண்டாட்டியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் அவரைவிடக் கண்டிப்பானவள் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

மேல்முறையீட்டுக்குப் பதில் நாலாவது மாதம் வந்தது. நாலே வரி. விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது, முடிவில் மாற்றமில்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவே அதைப் படித்தாள் புனிதா. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அடுத்த லாரிக்குச் சீட்டு அடித்தாள். ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்துவிட்டது. லாரிக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னா தங்கச்சி, நான் குலை ஏத்திட்டு வந்தேனா, யானை ஏத்திட்டு வந்தேனா?” அவள் சிரித்துக்கொண்டே மாற்றி அடித்துக் கொடுத்தாள். லாரி போன பிறகு சன்னலைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அடுத்த லாரி ஆரன் அடித்தது.

அந்த சனிக்கிழமை ஓட வரமாட்டாள் என்று நினைத்துக் குணாளன் தயங்கித் தயங்கி வந்தார். அவள் அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.

“கடுதாசி வந்துச்சாமே. அப்பா சொன்னாரு.”

“வந்துச்சு.”

“அப்பறம் எதுக்கும்மா இன்னும் ஓடற?”

“படை வேணாம்னு சொன்னா ரோடும் வேணாம்னு சொல்லிச்சா? வாங்கண்ணே, வெயில் ஏறுது.”

ஒன்பது மாதம் முடிந்தபோது குணாளன் தொண்ணூற்றிரண்டு கிலோ. சோதனையில் எட்டு விநாடி வித்தியாசத்தில் தேறினார். முடிந்த கையோடு, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே போன் செய்தார். பாதி வார்த்தை புரியவில்லை. பின்னால் யாரோ விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த பெயரை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அந்த மேஜர் டாக்டர் அவரிடம், எந்த ஆஸ்பத்திரியில் போய் இப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டாராம். எந்த ஆஸ்பத்திரியும் இல்லை, சுங்கை கெலாடி தோட்டத்தில் ஒரு பெண், நீங்கள் முத்திரை குத்தி அனுப்பிய பெண் என்றாராம் குணாளன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். இந்த இடத்தைக் குணாளன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார். டாக்டரிடமிருந்து புனிதாவுக்குக் கடிதம் வந்தது மட்டும் நிஜம். முகாமில் எடைப் பட்டியலில் இருக்கும் பதினொரு பேருக்குச் சனிக்கிழமை காலைகளில் வந்து உணவு பற்றிப் பேசவும், கூட ஓடவும் முடியுமா என்று கேட்டிருந்தார் டாக்டர்.

புனிதா போக யோசித்தாள். வேண்டாம் என்று சொன்ன வாசலுக்குள் விருந்தாளியாகப் போவதா? அல்ஃபியாவிடம் கேட்டாள்.

“போடி. வேணாம்னு சொன்னவங்களத் தெனம் வேர்க்க வைக்கலாம். யாருக்குக் கெடைக்கும்?”

“தெனம் இல்ல, சனிக்கிழம மட்டுந்தான்.”

“அதுவே போதும் லா.”

முதல் நாள் மேஜர் டாக்டரே வாசல்வரை வந்திருந்தார். அந்தப் பதினொரு பேருக்கு முன்னால் புனிதா தன் பழைய படம் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். ஒருத்தரும் நம்பவில்லை. பிறகு ஐந்து துளைக் கதையைச் சொன்னாள். அறுவை வேண்டியவர்கள் பயப்படாமல் போய்ச் செய்துகொள்ளுங்கள், ஆனால் செய்யுமுன் உங்கள் வேலைக்கு அது என்ன செய்யும் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், நான் கேட்காமல் விட்டேன் என்றாள். பின்வரிசையில் ஒரு லான்ஸ் கோப்பரல், தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டீர்கள்தானே என்று கேட்டார்.

“செஞ்சிருப்பேன்” என்றாள் புனிதா. “படை உங்களோடது. முட்டி என்னோடது.”

இப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. ஆலையில் அதே வேலை. எடை எழுபதுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவே நிற்கிறது, சத்து மாத்திரையும் ஊசியும் தொடர்கின்றன. பதினொரு பேரில் ஏழு பேர் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். இரண்டு பேர் அறுவை செய்துகொண்டு நன்றாக இருக்கிறார்கள். ஒருவர் ஸ்டோரில், ஒருவர் சமையல்கூடத்தில். இரண்டு பேரை இன்னும் துரத்திக்கொண்டிருக்கிறாள். சன்னாசிக்கும் ஒரு துணை கிடைத்துவிட்டது. குணாளன் ஞாயிற்றுக்கிழமைகளில் மம்பாவ் கடைக்கு வந்து அவரோடு உட்காருகிறார். ஆளுக்கு ஒரே ஒரு ரொட்டி.

போன மாதம் முகாம் திடலில் ஒரு புது ரெக்ரூட், அவள் குரலைக் கேட்டு எந்த அதிகாரியோ என்று மிரண்டு, குதிகாலைச் சேர்த்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். விளையாட்டுச் சட்டையும் ஓட்டக் காலணியுமாக நின்ற புனிதாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதிலுக்குக் கை தூக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

“நான் பொதுசனம்டா தம்பி” என்று மலாயில் சொன்னாள். “கையக் கீழ போட்டுட்டு ஓடு.”

அவன் ஓடினான்.